பாட்டிலில் மாறவும்

மெக்சிகோ நகரம், கிழக்குப் பேருந்து முனையம்.
கழிவறைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே
என் சாளரம்.
பதினோரு வருஷமாக ஒரே கேள்வி:
எதில் போவது?

அவசரமென்றால் டாக்ஸி. சீட்டை உள்ளேயே வாங்குங்கள்,
வாசலில் பையைப் பிடித்து இழுப்பவனோடு போகாதீர்கள்.
மெட்ரோபஸ் தனக்கென்று போட்ட தடத்தில் ஓடும்,
பெருமழை வந்தால் எல்லாரோடும் சேர்ந்து நிற்கும்.
பெசேரோ சிற்றுந்துக்கு நிறுத்தம் கிடையாது,
கை காட்டினால் நிற்கும், சில நாள் காட்டாமலும்.
இறங்கும் இடம் வந்ததும் "பாஹான்!" என்று கத்த வேண்டும்.
கூச்சக்காரர்கள் கடைசி வரை போய்விடுவார்கள்.
(ஒரு ஜெர்மன்காரர் போனார்.
அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்.)

நான் வீடு திரும்புவது கம்பியில் தொங்கும் பெட்டியில்,
இஸ்தபலாபாவின் மொட்டை மாடிகளுக்கு மேலே.
கீழே தண்ணீர்த் தொட்டிகள், கட்டிப் போட்ட நாய்கள்.
முதல் மாதம் குரைத்தன. இப்போது இல்லை.
அந்த வழியை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை,
எனக்கு உட்கார இடம் வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ஐந்தே கால்.
ஹூச்சித்தான் பேருந்திலிருந்து
நா ஓப்டூலியா இறங்கி வந்தார்.
"நா" என்பது அவர்கள் பக்கத்தில் பெண்களுக்கான மரியாதை,
விட்டுவிடாமல் சேர்த்துச் சொல் என்றார்.
தோளில் உலர்ந்த இறால் மூட்டை. என் மேஜையெல்லாம் கடல்.
ஸ்பானியம் கொஞ்சம். எழுத்து அறவே இல்லை.
தங்கை பொது மருத்துவமனையில்.
டாக்ஸிக்குக் காசு எண்ணினார்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் கூடவே எண்ணினேன்.

எங்கள் மெட்ரோவில் நிலையத்துக்கு நிலையம் ஒரு படம் உண்டு.
பழைய ரசீதின் பின்பக்கம் வரைந்தேன்:
வாத்து. ஆப்பிள் பெட்டி. சின்னக் கோயில்.
கப்பல். நீரூற்று. பீரங்கி.
பீரங்கியில் இளஞ்சிவப்புக் கோட்டை விட்டு
பச்சைக் கோட்டுக்கு மாறுங்கள்.
தொப்பி. அடுத்தது சிலுவை.
சிலுவையில் இறங்குங்கள்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் கவனிக்கவில்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு
தன் மொழியில் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை திரும்பி வந்தார்.
மூட்டை இல்லை. கையில் ஒரு ஜோடிச் செருப்பு,
அவர் காலுக்குச் சிறியது.

"நீ போட்டது தப்பு" என்றார்.
"அது பீரங்கி இல்லை. பீரங்கியைத் தேடிக்கொண்டே
கழுகைத் தாண்டி, மணியைத் தாண்டி
வெட்டுக்கிளி வரை போய்விட்டேன்.
அது படுத்திருக்கிற பாட்டில்.
சக்கரம் வைத்த பாட்டில்."

ரெயிலில் பேனா விற்கிற பையன் ஒருவன்
திரும்ப அழைத்து வந்து மாற்றி விட்டானாம்.
காசு வாங்கவில்லை. பேனாவையும் திருப்பிக் கேட்கவில்லை.

ரசீதை நீட்டினார்.
என் பீரங்கிக்கு மேல் அடித்துவிட்டு ஒரு பாட்டில்.
சிலுவைக்குப் பின்னால் நான் வரையாத படங்கள்:
படிக்கட்டு, கட்டில், ஜன்னல்.
நாலாவதாக ஒரு கட்டம்,
உள்ளே எதுவும் போடாமல்.

கேட்டிருக்க வேண்டும். வாய் திறந்தபோது
"ஊருக்கு எட்டு மணி வண்டி, பதினாலாம் வாசல்"
என்றுதான் வந்தது.

இப்போது யார் கேட்டாலும்
நிலையத்தின் பெயரைச் சொல்லி
பாட்டிலில் மாறவும் என்று முடிக்கிறேன்.
மேலதிகாரி செனோபியோ எழுத்து மூலம் கண்டித்திருக்கிறார்.
சுற்றுலாக்காரர்கள் சிரிக்கிறார்கள்,
ஆனால் அதற்குப் பிறகு வெட்டுக்கிளி வரை
யாரும் போனதாகத் தெரியவில்லை.
நானும் ஒரு நாள் போய் நின்று பார்த்தேன்.
பாட்டில்தான்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
பதினாலாம் வாசலுக்குப் பாதி தூரம் போனவர்
செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்து
கண்ணாடியைத் தட்டினார்.
"வாத்து மட்டும் நன்றாக வந்திருக்கிறது."